பத்தொன்பது நிமிடத் தனி

எனக்கு இப்போது வலது காது மந்தம். வயதின் கோளாறு என்கிறார் டாக்டர். அதே வயதுதானே இடது காதுக்கும், அது மட்டும் ஏன் நன்றாக இருக்கிறது என்று கேட்டால் அடுத்த நோயாளியைக் கூப்பிடுகிறார். எனக்குத் தெரிந்த காரணம் வேறு. எழுபதுகளின் கடைசியில் ஒரு டிசம்பர் ஞாயிறு, டெல்லியில் ஒரு பெண்கள் கல்லூரியின் புல்தரையில், பதினாறு ஒலிபெருக்கிப் பெட்டிகளுக்கு எதிரே நான் உட்கார்ந்திருந்தேன். வலப்பக்கம் ஒன்பது, இடப்பக்கம் ஏழு. அந்த இரண்டு பெட்டி வித்தியாசத்தைத்தான் இன்றுவரை சுமக்கிறேன்.

அப்போது நான் மத்திய அரசில், நாட்டின் கால்நடைகளை எண்ணும் பிரிவில் இருந்தேன். மாநிலங்கள் எண்ணி அனுப்பும். அவர்கள் எண்ணியது சரிதானா என்று பார்ப்பது எங்கள் வேலை. ஒரு ஜில்லாவில் எருமைகளைவிட எருமைக் கன்றுகள் மூன்று மடங்கு இருந்தால், அதை விசாரிக்காமல் நான் கையெழுத்துப் போட்டதில்லை. வீட்டிலும் அப்படித்தான். சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் மாடிப்படி இருபத்திரண்டு. இருட்டில் ஏறும்போது இருபத்தொன்றில் என் கால் நின்று யோசிக்கும். "படி எங்கயும் ஓடிப்போகாது, ஏறுங்க" என்பாள் மனைவி.

எங்களுக்கு ஒரு மகன், ஒரு மகள். மகனுக்கு மிருதங்கம் சொல்லிக்கொடுக்க ஒரு வாத்தியாரை ஏற்பாடு செய்தேன். அவர் புசா ரோடிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். அவர் வரும் நேரத்தில் மகன் கிரிக்கெட் மட்டையோடு மறைந்துவிடுவான். இவ்வளவு தூரம் வந்துவிட்டு சும்மா திரும்பினால் மனசு கேட்காது என்று, பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்த மகளுக்கு அவர் பாடம் நடத்தத் தொடங்கினார். ஏழு வருஷம் நடத்தினார். டெல்லியில் பிறந்த பெண்ணுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டத்தான் வரும். 'தகதிமி தகஜுணு' மட்டும் தண்ணீர்பட்ட பாடு.

கல்லூரிக்குப் போன இரண்டாம் வருஷம் அவள் ஒரு ராக் குழுவில் டிரம்ஸ் வாசிப்பது தெரிந்தது. ஐந்து பெண்கள். ஒருத்தி பாடுவாள், மூன்று பேர் கிடார், இவள் டிரம்ஸ். எனக்கு யாரும் சொல்லவில்லை. ஸ்வெட்டர் பின்னும் ஊசி இரண்டையும் வைத்து அவள் குளிருக்குப் போர்த்தும் பஞ்சு ரஜாயை அடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்து நானே கண்டுபிடித்தேன். தூசி தட்டுகிறாள் என்று முதல் பதினோரு நாள் நினைத்தது என் தவறு.

பிறகு ஒரு நாள் ஒரு தாளை நீட்டினாள். பம்பாயில் கல்லூரிகளுக்கிடையே ராக் போட்டி. குழுவோடு போக அப்பா கையெழுத்து வேண்டும். புதன்கிழமைக்குள் கல்லூரியில் கொடுக்க வேண்டும். தாளின் நடுவில், 'நிகழ்ச்சியின் தன்மையை நேரில் அறிந்து என் மகளை அனுப்பச் சம்மதிக்கிறேன்' என்று இங்கிலீஷில் ஒரு வரி.

"நேரில் அறிந்து என்று போட்டிருக்கிறது. நான் எங்கே அறிந்தேன்? அறியாமல் எப்படிப் போடுவது?" என்றேன்.

"எல்லா அப்பாவும் சும்மா போடுறாங்கப்பா."

"அவங்க போடட்டும். நான் பொய்யில கையெழுத்துப் போடமாட்டேன்."

அவள் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். "அச்சா. ஞாயித்துக்கிழமை எங்க காலேஜ்ல ப்ரோக்ராம் இருக்கு. வாங்க. ஆனா ஆரம்பத்துலேருந்து கடைசி வரைக்கும் உக்காந்து கேக்கணும். நடுவுல எழுந்து போகக்கூடாது. அப்புறம் போடலாமா வேண்டாமான்னு நீங்களே சொல்லுங்க."

இதைவிட நியாயமான ஏற்பாடு என் இலாகாவில்கூட நடந்ததில்லை. ஒப்புக்கொண்டேன்.

தனியாகப் போகப் பயமாக இருந்ததால் இரண்டு நண்பர்களைக் கூப்பிட்டேன். ஒருவர் கும்பகோணத்துக்காரர், இன்னொருவர் திருநெல்வேலிக்காரர். டெல்லியில் எந்த சபாவில் எந்தக் கச்சேரியானாலும் நாங்கள் மூன்று பேரும் முதல் வரிசையில் இருப்போம். மூன்று பேரும் வேட்டி, கோட்டு, மஃப்ளர், குரங்குக் குல்லாயோடு கிளம்பினோம். நான் இரண்டு காதுக்கும் பஞ்சு எடுத்துக்கொண்டேன். என் மனைவி வர மறுத்துவிட்டாள். "வீட்லயே தினம் கேக்கறேன். அங்க வந்து வேற கேக்கணுமா?"

புல்தரையில் சிவப்பும் மஞ்சளுமாக ஷாமியானா. சுற்றிலும் அதே துணியில் தடுப்பு. இரண்டு மணி வெயில் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் டெல்லி வெயிலை நம்பி மஃப்ளரைக் கழற்றியவர்கள் பலரை நான் பார்த்திருக்கிறேன். முதல் வரிசையில் இருபத்து நான்கு நாற்காலி. நடுவில் மூன்றைப் பிடித்தோம். மற்ற இருபத்தொன்றிலும் யாரும் உட்காரவில்லை. பின்னால் திரும்பினால் எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள்.

"நாற்காலி இருக்கச்சே ஏன் நிக்கறா?" என்றார் கும்பகோணத்துக்காரர்.

"பொறும் வே, இன்னும் ஆரம்பிக்கல. ஆரம்பிச்சா உக்காருவானுவ" என்றார் திருநெல்வேலிக்காரர்.

ஆரம்பித்ததும் குதிக்கத் தொடங்கினார்கள்.

என் மகள் மேடையின் பின்பகுதியில், ஏழு உருப்படி தோல்களுக்கும் நான்கு தட்டுகளுக்கும் நடுவே, தலைமுடியை என் பழைய கைக்குட்டையால் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்துக் குச்சியைத் தூக்கிக் காட்டினாள். நான் குல்லாயைச் சரிசெய்தேன். அடுத்த நொடி என் வயிற்றுக்குள் ஏதோ விழுந்தது. அது வெளியிலிருந்து வந்த சத்தம் என்று புரியவே நாலு அட்சரம், நாலு தாளத் தட்டு, ஆயிற்று. பஞ்சை எடுத்து அடைத்தேன். ஒரு பயனும் இல்லை. சத்தம் நாற்காலிக் கால் வழியாக ஏறி வந்தது.

இருந்தாலும் பழக்கம் விடுமா? மூன்று பேரும் தொடையில் தாளம் போட ஆரம்பித்தோம்.

"என்னவே இது, நாலே நாலு எண்ணிக்கைதான். இதுக்கா இந்தத் தலையாட்டு ஆட்டுதானுவ?" என்று திருநெல்வேலிக்காரர் என் காதில் கத்தினார்.

"பாடறவ என்ன பாஷை ஓய்?" என்று மறுபக்கத்திலிருந்து கும்பகோணத்துக்காரர் கத்தினார்.

"இங்கிலீஷ்!"

"ஒரு வார்த்தை புரியலையே!"

"நம்ம வித்வான் பாடினா மட்டும் உமக்குப் புரியுதாக்கும்!" என்றார் திருநெல்வேலிக்காரர். கும்பகோணத்துக்காரர் மஃப்ளரை இறுக்கிக்கொண்டார்.

நாலு பாட்டு ஆயிற்று. உண்மையைச் சொல்ல வேண்டும்: நான் எதிர்பார்த்த ஆபாசம் எதுவும் இல்லை. ஐந்து பெண்களும் கழுத்து வரை ஸ்வெட்டர் போட்டிருந்தார்கள். தாளம் ஒரு இடத்தில்கூட ஓடவில்லை. கிடார்க்காரி ஒருத்தி இரண்டு தடவை முந்தினாள். என் மகள் இரண்டு தடவையும் அவளை இழுத்துப் பிடித்து நிறுத்தினாள். கையெழுத்துப் போடலாம் என்று மனசுக்குள் முக்கால்வாசி முடிவு செய்துவிட்டேன்.

ஐந்தாவது பாட்டின் நடுவில் பாடியவள் ஓரமாக விலகினாள். கிடார்க்காரிகள் மூன்று பேரும் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு பின்னால் நகர்ந்தார்கள். என் மகள் மட்டும் வாசிக்க ஆரம்பித்தாள்.

"தனி விட்டாச்சு" என்றார் கும்பகோணத்துக்காரர். எழுந்தார். திருநெல்வேலிக்காரர் எழுந்தார். நானும் எழுந்தேன்.

இதைப் படிக்கிறவர்களில் சபா பக்கம் போகாதவர்கள் இருக்கலாம்; அவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் கச்சேரிகளில் பெரிய உருப்படி முடிந்ததும் பாடகர் ஒதுங்கி மிருதங்கக்காரருக்கு மட்டும் இடம் விடுவார். அது தனி ஆவர்த்தனம். அந்த மனுஷன் ஜன்மம் முழுக்கக் கற்றதை அந்தப் பத்து நிமிஷத்தில் கொட்டுவார். சபையோர் அப்போதுதான் கேன்டீனுக்குப் போவார்கள். இதில் அவமரியாதை என்று யாரும் நினைப்பதில்லை. ரயில் ஜங்ஷனில் நின்றால் இறங்குகிறோமே, அதுபோல. இருபத்திரண்டு வருஷ டெல்லி வாழ்க்கையில் நான் ஒரு தனியைக்கூட நாற்காலியில் இருந்து கேட்டதில்லை. கால் தானாக எழும். மனசு பின்னால் வரும். அன்றைக்கு மனசு வரவேயில்லை.

தடுப்புத் துணிக்கு வெளியே ஒரு டீக்கடை போட்டிருந்தார்கள். காப்பி இல்லை என்றதும் கும்பகோணத்துக்காரர் முகம் சுருங்கிற்று. "பையா, தீன் சாய்" என்றேன். கொடுத்துவிட்டான். வாழ்க்கையில் முதல்முறையாகத் தனியின்போது க்யூவே இல்லை. எங்களைத் தவிர ஒரு ஈ, காக்கை வெளியே வரவில்லை. எதையும் சந்தேகிக்கிற நான் அதைச் சந்தேகிக்கவில்லை. சந்தோஷப்பட்டேன்.

"பொண்ணு நன்னா வாசிக்கறா ஓய்" என்றார் கும்பகோணத்துக்காரர், டீயை ஊதிக்கொண்டே. உண்மைதான். வெளியே கேட்க நன்றாகவே இருந்தது. வேகத்தை இரட்டித்து மேல்காலம் போனாள், நாலு நடையை மூன்றாக்கித் திஸ்ரம் பண்ணினாள், கடைசியில் வாத்தியார் சொல்லிக்கொடுத்த கோர்வையை எடுத்தாள். கோர்வை என்பது தனியை முடிக்கிற கணக்கு; மூன்று தடவை வாசித்து, மூன்றாவதில் டக்கென்று விழுந்தால் பாட்டுக்காரர் சேர்ந்துகொள்ள வேண்டும். மூன்றையும் எண்ணினேன். சுத்தம். தம்ளரை வைத்தோம்.

ஆனால் பாட்டு தொடங்கவில்லை. அவளே மறுபடியும் வாசிக்க ஆரம்பித்தாள்.

"உற்சாகம்" என்றார் கும்பகோணத்துக்காரர். "முடியட்டும். நடுவுல உள்ள போனா வித்வானுக்கு மரியாதை இல்லை." இதுவும் சபா வழக்கம்தான். தனி நடக்கும்போது வெளியே போகலாம். நடக்கும்போது உள்ளே வரக்கூடாது. இன்னொரு டீ வாங்கினோம். ரொட்டி பக்கோடா மூன்று.

மறுபடி கோர்வை வந்தது. மூன்று தடவை. தம்ளரை வைத்தோம். மறுபடி ஆரம்பித்தாள்.

"புள்ளைக்கு நிறுத்தத் தெரியலையோ?" என்றார் திருநெல்வேலிக்காரர்.

"அதெல்லாம் தெரியும்" என்றேன், கொஞ்சம் கோபமாக.

"அப்ப மத்ததுவ நாலுக்கும் சேரத் தெரியல. போய் என்னன்னு பாரும் வே."

கோர்வை மூன்றாவது முறை முடிந்து நாலாவது சுற்றுக்குக் கிளம்பியபோது எனக்குக் கவலை வந்துவிட்டது. தடுப்புத் துணியில் தையல் விட்ட இடத்தில் கண்ணை வைத்துப் பார்த்தேன். நான்கு பெண்களும் ரேஷன் கடையில் நிற்பதுபோல நின்றுகொண்டு, சேரச் சொல்லும் ஜாடைக்காக என் மகளையே பார்த்தார்கள். என் மகள் டிரம்ஸைப் பார்க்கவில்லை. முதல் வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே நடுவில் மூன்று காலி நாற்காலிகள், ஒன்றில் இடம் பிடிக்க நான் போட்டுவிட்டு வந்த என் குல்லாய்.

அப்போதுதான் உறைத்தது. அவள் முடிக்கும் வரை நான் உள்ளே போகமாட்டேன். நான் உள்ளே போகும் வரை அவள் முடிக்கமாட்டாள்.

தம்ளரைக் கீழே போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினேன். கையில் பட்டை கட்டிய ஒரு பெண் மறித்தாள். "பாஸ், அங்கிள்?" பாஸை முதலில் உள்ளே வரும்போதே வாங்கிக்கொண்டுவிட்டார்கள். "நான் அவளுடைய அப்பா" என்றேன், இந்தியில். உள்ளே இருந்த சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. நான் மிருதங்கம் வாசிப்பதுபோல் அபிநயம் பிடித்தேன். அவள் கழிப்பறை இருக்கும் திசையைக் காட்டினாள். அதற்குள் நாலாவது கோர்வையும் முடிந்து ஐந்தாவது சுற்று கிளம்பிவிட்டது.

திரும்பி வந்து தடுப்புத் துணியின் அடியைத் தூக்கினேன். மூன்று ஆப்பு அடித்திருந்தார்கள். ஒன்று பிடுங்கினால் போதுமாக இருந்தது. நாற்பத்தேழு வயதில், கோட்டும் வேட்டியுமாக, புல்லில் தவழ்ந்து உள்ளே போனேன். வேட்டி ஆப்பில் மாட்டிக்கொண்டது. "பிடிச்சிருக்கேன், நீர் போம் வே!" என்றார் திருநெல்வேலிக்காரர் பின்னாலிருந்து. எதைப் பிடித்தார் என்று கேட்க நேரமில்லை.

எழுந்தபோது மேடைக்கும் முதல் வரிசைக்கும் நடுவே இருந்தேன். நாற்காலிக்குப் போய் உட்காரலாம் என்றுகூடத் தோன்றவில்லை. அங்கேயே நின்று, அவளுக்குத் தெரியும்படி கையை உயரத் தூக்கித் தாளம் போட்டேன். அவள் பார்த்தாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. கோர்வையை எடுத்தாள். ஒன்று. இரண்டு. மூன்றாவதன் கடைசி அடியில் நான் கையை இறக்கியதும் மூன்று கிடாரும் ஒன்றாக விழுந்தன. என் பின்னால் எத்தனை பேர் கத்தினார்கள் என்று என்னால் சொல்ல முடியாது. எண்ணுகிற நிலையில் இல்லை. என் கைக்கடிகாரப்படி பத்தொன்பது நிமிடம்.

அவர்களுக்கு ஒதுக்கிய நேரம் அதோடு தீர்ந்துவிட்டது. மிச்சமிருந்த இரண்டு பாட்டை விட்டுவிட்டு இறங்கினார்கள். நீளமுடிப் பையன் ஒருவன் என்னிடம் வந்து, "அங்கிள், ஆப் இன்கே மேனேஜர் ஹைன்?" என்று, நான்தான் அவர்களுடைய மேனேஜரா எனப் பணிவாகக் கேட்டான். என் முழங்காலில் புல் ஒட்டியிருந்தது.

வீடு வரும்வரை பஸ்ஸில் பதினேழு ஸ்டாப். என் மகள் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள். நண்பர்கள் இரண்டு பேரும் ஏழாவது ஸ்டாப்பிலேயே, வேலையிருப்பதாகச் சொல்லி இறங்கிவிட்டார்கள். அவர்களுக்கு அங்கே ஒரு வேலையும் கிடையாது.

வீட்டுக்கு வந்ததும் பேனாவை எடுத்துக்கொண்டு மேஜையில் உட்கார்ந்தேன். "அந்தத் தாளைக் கொடு. நன்றாகத்தான் இருந்தது. போட்டுவிடுகிறேன்."

"வேண்டாம்."

"ஏன்?"

"நேரில் அறிந்துன்னு எழுதியிருக்கு. நீங்க அறியலையே."

"வெளியிலிருந்து முழுக்கக் கேட்டேன். கோர்வையை எத்தனை சுற்று வைத்தாய் என்று சொல்லட்டுமா? ஐந்து."

"அஞ்சு சுத்து ஏன் வெச்சேன்?"

நான் பேனா மூடியைக் கழற்றி மாட்டினேன்.

"கேன்டீனுக்குப் போனாரா?" என்று சமையலறையிலிருந்து என் மனைவி கேட்டாள். "நெனச்சேன். மிருதங்கக்காரன் முதுகைக் கூட இவர் பார்த்ததில்ல. சொந்தப் பொண்ணு வாசிச்சா மட்டும் கால் நிக்குமா?"

"அப்பா, நீங்க சொன்னதுதான். பொய்க் கையெழுத்து எனக்கும் வேண்டாம்." அவள் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். "புதன்கிழமை வரைக்கும் டைம் இருக்கு."

இரண்டு நாள் வீட்டில் ரஜாயை அடிக்கும் சத்தம் இல்லை. அந்த அமைதி வேண்டுமென்று நான் பல மாதங்களாகக் கேட்டுக்கொண்டிருந்தவன். கிடைத்ததும் தூக்கம் வரவில்லை. திங்கட்கிழமை ஆபீஸில் ஒரு மாநிலத்து ஆடுகளை இரண்டு தடவை கூட்டிவிட்டேன். செவ்வாய்க்கிழமை காலையில் நானே கேட்டேன். "இன்றைக்கு எங்கே பிராக்டிஸ்?"

ஒரு கிடார்க்காரியின் வீட்டு மோட்டார் ஷெட்டில். ஸ்கூட்டர் ஒன்று, உருளைக்கிழங்கு மூட்டை இரண்டு, ஐந்து பெண்கள், ஒரு இரும்பு நாற்காலி. நாற்காலி எனக்கு. டிரம்ஸுக்கும் எனக்கும் நாலடி. யாரும் என்னோடு சிரிக்கவில்லை. அந்த ஐந்தாவது பாட்டை எடுத்தார்கள். மற்ற நாலு பேரும் விலகினார்கள். அவள் தனியைத் தொடங்கினாள். சரியாக அந்தச் சமயம் பார்த்து அந்த வீட்டுப் பஞ்சாபி அம்மாள், "லீஜியே பாயி சாப், கரம் கரம் சாய்" என்று டம்ளரோடு வாசலில் வந்து நின்றார்.

என் வலது கால் அசைந்தது. என் மகள் அதைப் பார்த்தாள். நான் இரண்டு கையாலும் நாற்காலியின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன். அந்த அம்மாள் டம்ளரை உருளைக்கிழங்கு மூட்டைமேல் வைத்துவிட்டுப் போனார். அதில் ஆடை படர்ந்தது. நான் அதைப் பார்க்கவில்லை. என் மகளைப் பார்த்தேன். கணக்கு வரும் இடங்களில் நாக்கு நுனியைப் பல்லில் கடிக்கிறாள். கஷ்டமான இடத்தில் அல்ல, சுலபமான இடத்தில்தான் மூச்சை அடக்குகிறாள். அது எதுவும் தடுப்புத் துணிக்கு வெளியே கேட்டிருக்காது.

கோர்வை வந்தது. மூன்று தடவை. முடித்தாள். குச்சிகளை மடியில் வைத்துக்கொண்டு, "எப்படி?" என்றாள்.

"நன்றாக இருந்தது. ஆனால் இரண்டாவது தடவையில் ஒரு அட்சரம் குறைந்தது. கடைசி தகிடவில்."

நாலு பெண்களும் அவளைப் பார்த்தார்கள். எனக்கு வாயைக் கடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. சமாதானத்துக்கு வந்த இடத்தில் தணிக்கை.

"வேணும்னேதான் விட்டேன்" என்றாள் அவள். "கேக்கறீங்களான்னு செக் பண்ணினேன்." பிறகு சிரித்துவிட்டாள். ஆறிப்போன டீயை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

தாளை டிரம்மின்மேல் விரித்து வைத்தார்கள். நேரில் அறிந்து, என்ற வரியை இன்னொரு முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். தேதி போட்டேன். பேனாவை மூடப் போனேன்.

"அங்கிள், பீச்சே பீ" என்றாள் பாடுகிற பெண், தாளைத் திருப்பச் சொல்லிக் கைகாட்டி.

ஆயிரக்கணக்கான படிவங்களைச் சரிபார்த்த நான், அந்தத் தாளைத் திருப்பிப் பார்த்ததே இல்லை. பின்பக்கத்தில், மாணவிகளோடு பெற்றோர் ஒருவர் துணையாகப் போக வேண்டும் என்று இருந்தது. அதன் கீழே மற்ற நாலு அப்பாக்களும் ஏற்கெனவே ஒப்புதல் போட்டிருந்தார்கள். துணையாக வருபவர் என்ற இடத்தில் என் பெயர் என் மகளின் கையெழுத்தில் அழகாக எழுதப்பட்டிருந்தது. இதை அவள் எழுதியது ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பா பின்பா என்று இன்றுவரை சொல்லவில்லை.

"டிரம்ஸும் ரயிலிலேயே வருமா?" என்று கேட்டேன்.

"ஆமாம்பா. நம்ம பெட்டியிலேயே."

"எத்தனை உருப்படி?"

"நீங்கதான் கூட வரீங்களே" என்றாள். "ஒவ்வொரு ஸ்டேஷன்லயும் எண்ணிக்குங்க."